கைக்குழந்தையின் முதுகெலும்பு வளைந்திருக்கிறது என்று சொன்னால்: மதுரைப் பக்கத்துப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் மகனுக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு சனிக்கிழமை காலையில், என் மாமியார் கால்களை நீட்டி உட்கார்ந்து அவனைத் தொடைமேல் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்த்த கையை நிறுத்திவிட்டு, "ஏத்தா, இங்க வா. இவன் முதுகுல இடது பக்கம் மட்டும் மேடு தட்டுது, தொட்டுப் பாரு" என்றார். நாங்கள் திருமங்கலத்தில் வசிக்கிறோம். அந்த வாரமே ஒரு மருத்துவரிடம் காட்டினோம். அவர் கையால் தடவிப் பார்த்துவிட்டு, வளர வளரச் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பினார்; எக்ஸ்ரே எடுக்கச் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து, மனம் கேட்காமல் வேறோர் இடத்தில் படம் எடுத்தபோது வளைவு 34 டிகிரி இருந்தது.

முதலில் பார்த்த மருத்துவர் சொன்னது பொய்யன்று. பல குழந்தைகளுக்கு இந்த வளைவு தானாகவே நேராகிவிடுகிறது. ஆனால் எந்தக் குழந்தைக்கு நேராகும், எந்தக் குழந்தைக்கு மேலும் வளையும் என்பதைக் கையால் தடவிச் சொல்ல இயலாது. படம் எடுத்து அளந்தால்தான் தெரியும். நாங்கள் இழந்த மூன்று மாதத்தை இன்னொரு குடும்பம் இழக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இது என்ன, ஏன் வருகிறது

பின்னாலிருந்து பார்த்தால் முதுகெலும்பு மேலிருந்து கீழ்வரை நேர்கோடாக இருக்க வேண்டும். அது பக்கவாட்டில் 10 டிகிரியோ அதற்கு மேலோ வளைந்து, அதனுடன் எலும்புகள் திருகியும் இருந்தால் மருத்துவர்கள் அதை ஸ்கோலியோசிஸ் என்கிறார்கள். மூன்று வயதுக்குள் தோன்றி, வேறு எந்தக் காரணமும் கண்டுபிடிக்க முடியாத வளைவைத்தான் சிசுப் பருவ ஸ்கோலியோசிஸ் என்று தனியே பிரிக்கிறார்கள். பருவ வயதில் வரும் வளைவு பெண் பிள்ளைகளிடம் மிகுதி. சிசுப் பருவத்தில் வருவதோ ஆண் குழந்தைகளிடம் சற்று அதிகமாகவும், பெரும்பாலும் இடது பக்கம் வளைவதாகவும் இருக்கிறது. திருகல் இருப்பதால் ஒரு பக்கத்து விலா எலும்புகள் பின்னால் தள்ளப்படுகின்றன. எண்ணெய் தேய்க்கும் கைக்கு மேடாகத் தட்டுவது அதுதான்.

நம் ஊரில் இந்தச் செய்தி தெரிந்தவுடன் பழி தாயின் மேல்தான் வந்து விழும். கிரகணத்தன்று வெளியே போனாள், ஒரே பக்கமாகப் படுத்தாள், கழுத்து நிற்கும் முன்னே இடுப்பில் வைத்தாள், தூளியில் அதிக நேரம் போட்டாள் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். என் காதிலும் இவை அத்தனையும் விழுந்தன. இவற்றில் எதுவும் முதுகெலும்பை இவ்வாறு திருகி வளைக்காது. இதை வீட்டில் உள்ளவர்களிடம் மருத்துவரே சொல்லும்படி ஏற்பாடு செய்யுங்கள். அடுத்த முறை போகும்போது மாமியாரையோ அம்மாவையோ உடன் அழைத்துச் செல்வது அதற்கு எளிய வழி.

முதல் வேலை: சரியான எக்ஸ்ரே

குழந்தை மருத்துவரோ ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரோ ஐயப்பட்டால், எலும்பியல் பிரிவுக்குச் சீட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவுக்குக் காலையிலேயே போய்விடுவது நல்லது. அங்கன்வாடிக்கு வரும் பள்ளிச் சிறார் நலக் குழுவிடமும் காட்டலாம். 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற மத்திய அரசின் சிறார் நலத் திட்டத்தின்படி, பிறந்த குழந்தை முதல் 18 வயது வரையுள்ளவர்களின் பிறவிக் குறைகளையும் வளர்ச்சிக் குறைகளையும் கண்டு மேல் சிகிச்சைக்கு அனுப்புவது அவர்கள் பணி.

நெஞ்சை மட்டும் எடுத்த படம் போதாது. கழுத்திலிருந்து இடுப்பு எலும்புவரை, இரண்டு பக்க விலா எலும்புகளும் தெரிய ஒரே படமாக இருக்க வேண்டும். உட்காரத் தெரியாத குழந்தையைப் படுக்க வைத்து எடுப்பார்கள். பின்னாளில் உட்கார வைத்தோ நிற்க வைத்தோ எடுக்கும்போது உடம்பின் எடையே வளைவைச் சற்றுக் கூட்டிக் காட்டும் என்பதால், ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் எந்த நிலையில் எடுத்தது என்று தேதியுடன் எழுதி வாங்குங்கள். ஃபிலிமை எந்த ஆஸ்பத்திரியிலும் விட்டுவிட்டு வராதீர்கள். அளப்பதிலேயே ஐந்து டிகிரி வரை முன்னே பின்னே ஆகும். ஆகவே 30 என்றது 33 ஆனதற்காக அழுவதும், 27 ஆனதற்காகக் கோயிலுக்கு ஓடுவதும் வேண்டியதில்லை. மூன்று நான்கு படங்களைத் தேதி வரிசையில் வைத்துப் பார்க்கும்போதுதான் போக்கு தெரியும்.

படத்தைப் பார்க்கும் மருத்துவரிடம் இரண்டு எண்களைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று காப் கோணம்; வளைவு எவ்வளவு என்பதை அது சொல்லும். இன்னொன்று, சிசுக்களுக்கென்றே அளக்கப்படும் விலா எலும்புக் கோண வேறுபாடு. வளைவின் உச்சியில் இருக்கும் எலும்போடு இடது விலாவும் வலது விலாவும் சேரும் கோணங்களை அளந்து ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் இது கிடைக்கும். லண்டனை அடுத்த ஸ்டான்மோரில் ராயல் நேஷனல் ஆர்த்தோபீடிக் மருத்துவமனையில் பணியாற்றிய மின் மேத்தா என்ற பெண் மருத்துவர் 1972இல் இந்த அளவையை வெளியிட்டார். வேறுபாடு 20 டிகிரிக்குள் இருந்தால் வளைவு பெரும்பாலும் தானாக நேராகும். 20ஐத் தாண்டினாலோ, விலா எலும்பின் தலை முதுகெலும்பின் மேல் ஏறித் தெரிந்தாலோ வளைவு கூடிக்கொண்டே போகும் வாய்ப்பு அதிகம். என் மகனுக்கு அது 27 இருந்தது. எந்த மருத்துவரிடம் போனாலும் இந்த எண்ணைக் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்காதீர்கள். சிசுக்களின் முதுகெலும்பைப் பார்த்துப் பழகியவர் இந்தக் கேள்வியை மகிழ்ச்சியோடுதான் எதிர்கொள்வார்.

அடுத்து: வேறு காரணம் ஒளிந்திருக்கிறதா

காரணம் தெரியாத வளைவு என்று சொல்வதற்கு முன், தெரிந்த காரணங்களை ஒவ்வொன்றாக விலக்க வேண்டும். முதுகெலும்பில் ஓர் எலும்பு பாதியாகவோ, இரண்டு எலும்புகள் ஒட்டியோ பிறவியிலேயே உருவாகியிருந்தால் அதற்கு வைத்தியமே வேறு. கருவில் முதுகெலும்பு உருவாகும் அதே வாரங்களில்தான் சிறுநீரகமும் இதயமும் உருவாகின்றன. எனவே அத்தகைய குழந்தைக்கு வயிற்று ஸ்கேனும் இதயத்துக்கு எக்கோவும் எடுக்கச் சொல்வார்கள். தசை வலுவற்ற குழந்தைக்கு நரம்பியல் மருத்துவரின் கருத்து வேண்டும். வீட்டிலேயே நீங்கள் பார்க்கக்கூடியவையும் உண்டு: முதுகின் அடியில் குழியோ முடிக்கற்றையோ இருக்கிறதா, காப்பி நிறத் திட்டுகள் ஆறோ அதற்கு மேலோ இருக்கின்றனவா, ஒரு கால் மற்றதைவிடக் குறைவாக அசைகிறதா, தலை ஒரு பக்கம் தட்டையாகியிருக்கிறதா என்று பார்த்து, இருப்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்தக் குழந்தைகளுக்கு இடுப்பு மூட்டு விலகியிருக்கும் வாய்ப்பும் உண்டு என்பதால் அதையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

வளைவு 20 டிகிரிக்கு மேல் இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வது வழக்கம். வெளியே எந்த அறிகுறியும் இல்லாத இத்தகைய சிசுக்களில்கூட எட்டில் ஒருவர் முதல் ஐந்தில் ஒருவர் வரை தண்டுவடத்தில் ஏதேனும் குறை இருப்பதாக ஆய்வுகள் கண்டிருக்கின்றன. குழந்தை அசையாமல் இருக்க மயக்க மருந்து கொடுத்தே இதை எடுப்பார்கள். செலவுக்கும் மயக்கத்துக்கும் அஞ்சி நாங்கள் இதைத் தள்ளிப்போட நினைத்தோம், தள்ளிப்போடாதது நல்லதாயிற்று.

காத்திருக்கச் சொன்னால்

வளைவு சிறியதாகவும் விலாக் கோண வேறுபாடு 20க்குள்ளும் இருந்தால் கட்டோ பெல்ட்டோ வேண்டாம். நான்கு முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை படம் எடுத்துப் பார்த்தால் போதும். அடுத்த படத்தின் தேதியை மருத்துவரிடமிருந்து எழுதி வாங்காமல் வெளியே வராதீர்கள். அந்தத் தேதி இல்லாவிட்டால் அது சும்மா இருப்பதாகிவிடும். இடையில், மாதத்துக்கு ஒரு முறை அதே சன்னலருகே, அதே பாயில் குப்புறப் படுக்க வைத்து வெற்று முதுகைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசிப் படம் எக்ஸ்ரேயாகாது. ஆனால் மேடு சட்டென்று கூடினால் தேதிக்கு முன்பே போக வேண்டும் என்பதை அது காட்டிக்கொடுக்கும். விழித்திருக்கும்போது குப்புறப் போட்டு விளையாட விடுங்கள். தூங்கும்போது மல்லாத்தியே படுக்க வையுங்கள். தானாக உட்காராத குழந்தையைத் தலையணை முட்டுக்கொடுத்து உட்கார வைப்பதும், சக்கர வாக்கரில் தொங்கவிடுவதும் வேண்டாம்.

இங்கே உரம் எடுப்பதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குழந்தை ஓயாமல் அழுதால், முதுகு கோணினால், உரம் விழுந்துவிட்டது என்று சொல்லிச் சேலையில் போட்டு உருட்டி எடுக்கும் பெண்கள் நம் ஊர்ப்பக்கம் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் கைராசியையோ பிரியத்தையோ நான் குறைத்துச் சொல்லவில்லை. என்னையே அப்படி உருட்டித்தான் வளர்த்தார்கள். ஆனால் தண்டுவடத்தில் குறை இருக்கிறதா, எலும்பு ஒட்டியிருக்கிறதா என்று தெரியாத முதுகை உருட்டுவதும், காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவதும், முதுகை முறுக்கிச் சொடக்கெடுப்பதும் ஆபத்து. எலும்பு வைத்தியரிடம் கட்டுப் போடுவதும் கூடாது. மெதுவாக எண்ணெய் தேய்ப்பதில் தீங்கில்லை. ஆனால் அது வளைவை நேராக்கும் என்று நம்பி நாளைக் கடத்த வேண்டாம்.

மாவுக்கட்டு என்று சொன்னால்

கூடும் தன்மையுள்ள வளைவுக்கு இன்று முதலில் செய்வது தொடர் மாவுக்கட்டு. பிரான்சில் 1960களில் கோத்ரெல், மோரெல் என்ற மருத்துவர்கள் வகுத்த முறையைப் பின்னர் மேத்தா சிசுக்களுக்குப் பயன்படுத்தினார். முதல் சில ஆண்டுகளில் முதுகெலும்பு மிக விரைவாக நீளுகிறது. அந்த நீட்சியை நேரான திசையில் போக வைப்பதே கட்டின் வேலை. மேத்தா 2005இல் வெளியிட்ட ஆய்வில் 136 குழந்தைகள் இருந்தார்கள். சராசரியாக ஒரு வயது ஏழு மாதத்தில், சராசரி 32 டிகிரி வளைவோடு சிகிச்சைக்கு வந்த 94 பேருக்கு வளைவு மறைந்தது. சராசரியாக இரண்டரை வயதில், 52 டிகிரியோடு வந்த 42 பேருக்குக் குறைந்ததே தவிர மறையவில்லை. சில மாதங்கள் முன்னால் போவதற்கு அவ்வளவு பொருள் இருக்கிறது.

இந்தக் கட்டைப் போடுவதற்குத் தனிச் சட்டகமும் பழகிய கையும் வேண்டும். கை கால் முறிவுக்குக் கட்டுப் போடும் எல்லா இடத்திலும் இது நடக்காது. நீங்கள் போகும் மருத்துவரிடம், மூன்று வயதுக்குட்பட்ட எத்தனை குழந்தைகளுக்கு இவ்வாறு போட்டிருக்கிறீர்கள் என்று நேரடியாகக் கேளுங்கள். மதுரையில் கிடைக்காவிட்டால் கோவை, வேலூர், சென்னை என்று போக வேண்டியிருக்கும். கோவை கங்கா மருத்துவமனையிலும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் முதுகெலும்புக்கென்றே பிரிவுகள் இருக்கின்றன. முன்கூட்டியே தொலைபேசியில் விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள்.

கட்டு முழு மயக்கத்தில் போடப்படும். தோளிலிருந்து இடுப்புவரை மேல்சட்டை போல இருக்கும். மூச்சுக்கும் உணவுக்கும் வயிறு விரிய முன்னால் ஒரு திறப்பு விடுவார்கள். இரண்டு வயதுக்குள் ஏறத்தாழ இரண்டு மாதத்துக்கு ஒரு முறையும், அதற்கு மேல் இன்னும் சற்று இடைவெளி விட்டும் மாற்றுவார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் மயக்கம் வேண்டும் என்பது எந்தப் பெற்றோரையும் கலங்க வைக்கும். மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு நீண்ட நேரமோ திரும்பத் திரும்பவோ தரப்படும் மயக்கம் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2016இல் எச்சரித்தது; ஒருமுறை சிறிது நேரம் தருவதால் தீங்கு வர வாய்ப்பில்லை என்றும் அதே அறிவிப்பு சொன்னது. இதை மயக்க மருத்துவரிடம் ஒளிக்காமல் பேசுங்கள். வளைவைக் கூட விட்டால் நுரையீரல் வளர இடமில்லாமல் போகும் என்பதையும் எதிர்த்தட்டில் வைத்தே நாங்கள் முடிவெடுத்தோம்.

தாய்ப்பாலை நான்கு மணி நேரம் முன்பும், மற்றப் பாலையும் உணவையும் ஆறு மணி நேரம் முன்பும் நிறுத்தச் சொல்வது பொதுவான வழக்கம். உங்கள் ஆஸ்பத்திரி சொல்லும் நேரமே இறுதியானது. சளியோ காய்ச்சலோ இருந்தால் மயக்கம் தர மாட்டார்கள். அதைச் சொல்லாமல் ஆரப்பாளையத்தில் இரவு பஸ் ஏறிக் கோவைவரை போய்த் திரும்பிய அனுபவம் எங்களுக்கு உண்டு. முந்தைய நாளே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.

கட்டோடு வீட்டில்

முதல் இரண்டு மூன்று நாள் குழந்தை சிணுங்கும், புரளத் தெரியாமல் திணறும். பிறகு தவழும், நிற்கும், ஓடவும் செய்யும். என் மகன் நடை பழகியதே கட்டோடுதான். வயிறு விரிய இடம் குறைவு என்பதால் ஒரு வேளை உணவை இரண்டாகப் பிரித்துக் கொடுங்கள். அடிக்கடி வாந்தி எடுத்தாலோ, மூச்சு வாங்கினாலோ, கால் விரல் நீலம் பாரித்தாலோ, கட்டுக்குள்ளிருந்து கெட்ட வாடை வந்தாலோ, காய்ச்சலோடு ஓர் இடத்தைத் தொடவிடாமல் அழுதாலோ அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்; விடியட்டும் என்று பார்க்கக் கூடாது.

குளியல் கிடையாது. நனைத்துப் பிழிந்த துணியால் முகம், கை, கால், தொடையிடுக்கு என்று பகுதி பகுதியாகத் துடைக்க வேண்டும். பழைய சுங்குடிச் சேலையைக் கிழித்து வைத்துக்கொண்டோம். அதைவிட மெத்தென்ற துணி எனக்குத் தெரியவில்லை. சிறிய டயப்பர் ஒன்றைக் கட்டின் விளிம்புக்குள் செருகி, அதன்மேல் பெரிய டயப்பர் ஒன்றைக் கட்டுக்கு வெளியே போட்டால் சிறுநீர் உள்ளே ஏறாது. வீட்டில் இருக்கும்போது துணியே போதும் என்று பழகியவர்களும் இந்த ஒரு காலத்துக்கு டயப்பருக்கு மாறிக்கொள்வது நல்லது. விளிம்பு உரசும் அக்குளிலும் இடுப்பிலும் காலையும் மாலையும் டார்ச் அடித்துச் சிவப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அரிப்பு என்று ஈர்க்குச்சியோ கரண்டிக் காம்போ உள்ளே விடாதீர்கள். பவுடரும் எண்ணெயும் உள்ளே போகக் கூடாது. அரிசி, மணல், சிறு விளையாட்டுச் சாமான் எதையும் குழந்தையே உள்ளே தள்ளிவிடும். ஆகவே சாப்பிடும்போது கழுத்தைச் சுற்றித் துணி கட்டி, கழுத்துப் பக்கத்தை மூடி வைக்க வேண்டும்.

மதுரை வெயிலைப் பற்றி மற்ற ஊர்க் குறிப்புகளில் இருக்காது. மாசி முடிந்தவுடனேயே கட்டுக்குள் வியர்க்கத் தொடங்கிவிடும். அக்கினி நட்சத்திரக் காலத்தில் பகல் பதினொரு மணிக்கு மேல் வெளியே எடுக்காமல், மின்விசிறிக்கு நேரே, தரையில் பாய் விரித்துப் படுக்க வைத்தோம். கட்டின் விளிம்பு வழியே கைவிசிறியால் காற்று போகும்படி வீசினோம். கோடையில் சில வாரம் கட்டுக்குப் பதிலாகக் கழற்றி மாட்டும் பெல்ட் போட்டு இடைவெளி விட முடியுமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். சில குழந்தைகளுக்கு அப்படி அனுமதிக்கிறார்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளன்று தோல்பையால் தண்ணீர் பீய்ச்சும் கூட்டத்துக்குள் கட்டுப் போட்ட குழந்தையைக் கொண்டுபோக வேண்டாம். முடியிறக்கிக் காது குத்துவதைத் தள்ளிப்போடத் தேவையில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்தே செய்யலாம், தலையில் விடும் தண்ணீரும் சந்தனமும் முதுகில் இறங்காதபடி துண்டு சுற்றிக்கொண்டால் போதும். தடுப்பூசிகளையும் நிறுத்தக் கூடாது; தொடையில் போடுவதற்குக் கட்டு இடைஞ்சலன்று.

தூக்கும்போது அக்குளில் மட்டும் பிடித்துத் தூக்காமல் ஒரு கையைப் பிட்டத்தின் அடியில் கொடுங்கள். கட்டின் எடையால் குழந்தை சட்டென்று பின்னால் சாயும் என்பதால், பைக்கில் முன்னால் உட்கார வைத்துப் போவதை முற்றிலும் விட்டுவிடுங்கள். தூளியும் வேண்டாம்.

செலவு

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் தொடங்கி வருமானச் சான்று பெற்று, குடும்ப அட்டையோடும் ஆதாரோடும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போக வேண்டும். குழந்தையின் பெயர் குடும்ப அட்டையில் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்; எங்களுக்கு அதிலேயே நாள் போயிற்று. மாவுக்கட்டும் எம்.ஆர்.ஐ.யும் திட்டத்துக்குள் எப்படி வரும் என்பதை, சேர்க்கும் நாளுக்கு முன்பே ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டுக்குப் பிறகு

வளைவு போதிய அளவு குறைந்ததும் கழற்றி மாட்டும் பெல்ட்டுக்கு மாற்றுவார்கள். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் என்று சொன்னார்களோ அத்தனை மணி நேரம் போட வேண்டும். குழந்தை அழுகிறதே என்று குறைத்தால் பெற்றது போய்விடும். கட்டாலும் பெல்ட்டாலும் அடங்காத வளைவுக்கு, குழந்தை வளர வளர நீட்டக்கூடிய கம்பிகளை வைத்து அறுவை செய்கிறார்கள். அந்த நிலை வந்தாலும், அதுவரை கட்டோடு கடத்திய ஒவ்வோர் ஆண்டும் நுரையீரலுக்கும் நெஞ்சுக்கூட்டுக்கும் கிடைத்த வளர்ச்சி என்பதால், கட்டு வீணாயிற்று என்று நினைக்க வேண்டாம்.

என் மகனுக்கு ஐந்து கட்டுகள் போட்டார்கள். மூன்று வயது நிறையும் முன் வளைவு 10 டிகிரிக்குள் வந்துவிட்டது. கடைசிக் கட்டை வெட்டி எடுத்தபோது தோல் வறண்டு செதில் செதிலாக இருந்தது. அதைத் தேய்த்து உரிக்காமல், சில நாள் தேங்காய் எண்ணெய் தடவி வெதுவெதுப்பான நீரை மட்டும் ஊற்றினால் தானாக உதிர்ந்துவிடும். அன்று மாலை அவனுடைய அப்பத்தாவே கால் நீட்டி உட்கார்ந்து குளிப்பாட்டினார். இப்போது அவனுக்கு ஆறு வயது. ஆண்டுக்கு ஒருமுறை படம் எடுக்கிறோம். பருவ வயதில் திடீரென்று உயரும் காலத்தில் வளைவு திரும்பக்கூடும் என்பதால் வளர்ச்சி முடியும்வரை இதைத் தொடரச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த படத்துக்கான தேதி சமையலறை நாட்காட்டியில் சிவப்பு மையில் வட்டமிட்டுத் தொங்குகிறது.